ஆறாவது வார்த்தை

அயனம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போக வானகரம் வந்து நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே திரும்ப வேண்டும். வேலப்பன்சாவடி தாண்டினால் பூந்தமல்லி. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அடுத்து திருமழிசை, பிறகு ஸ்ரீபெரும்புதூர், கடைசியில் காஞ்சிபுரம். பல வருஷம் இந்தச் சாலையில் போய்வந்திருந்தும் இது மூன்று ஆசாரியர்களின் சாலை என்பது எனக்கு உறைக்கவில்லை. பிரம்புப் புதரில் கிடந்தவராகவும், பிரம்பறுத்துப் பிழைத்த திருவாளன், பங்கயச்செல்வி என்ற தம்பதியால் வளர்க்கப்பட்டவராகவும் சொல்லப்படும் திருமழிசையாழ்வார் ஒருவர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர் ஒருவர். இவர்கள் இருவரைப் பற்றியும் நம் வட்டாரங்களில் ஏதாவது பேச்சு நடந்துகொண்டேதான் இருக்கிறது. பூந்தமல்லியில் பிறந்த மூன்றாமவர் பேச்சுக்கே வருவதில்லை. வந்தாலும் இராமானுஜர் கதையில் ஒரு துணைப் பாத்திரமாக, அதுவும் ஒரு சாப்பாட்டு இலைக்காக, வந்துவிட்டுப் போய்விடுகிறார். அவர்தான் திருக்கச்சி நம்பி.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அவருக்கு நியாயம் வாங்கித் தருவது என் நோக்கமல்ல. ஆயிரம் வருஷம் கழித்து யாருக்கும் யாரும் நியாயம் வாங்கித் தந்துவிட முடியாது. ஒருவரிடம் கற்றுக்கொண்டு, அவரை மதித்து, கும்பிட்டு, அதே சமயம் ஆசிரியர் என்ற இடத்திலிருந்து அவரை அப்புறப்படுத்தவும் ஒரு மரபுக்கு எப்படி முடிகிறது என்பதைப் பார்க்க நம்பியின் வாழ்க்கைக் கதை நல்ல இடம். அவ்வளவுதான்.

முதலில் ஆதாரங்கள் பற்றி. கல்வெட்டை வைத்து எழுதும் வரலாறு அல்ல இது. நம்பியைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் ஆறாயிரப்படி போன்ற குருபரம்பரை நூல்களும் அவற்றின் வழிவந்த செவிவழிக் கதைகளும்தான். ஆறாயிரப்படி எழுதிய பின்பழகிய பெருமாள் ஜீயர், நம்பிள்ளையின் சீடர் என்று மரபு சொல்கிறது. அப்படியானால் சொல்லப்படும் நிகழ்ச்சிகளுக்கும் எழுத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு இடைவெளி. இராமானுஜருக்கு மரபு தரும் 1017-1137 என்ற 120 வருஷ ஆயுளையே ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆகவே 'இது நடந்ததா?' என்று நான் கேட்கப்போவதில்லை. 'இது ஏன் இப்படிச் சொல்லப்பட்டது?' என்பதே கேள்வி.

மரபின் கணக்குப்படி நம்பி பிறந்தது சௌமிய ஆண்டு, மாசி மாதம், மிருகசீரிடம், அதாவது 1009-10. இராமானுஜரைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கதைகளில் வரும் பழுத்த கிழவரை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்த்தால் பொருந்தாது. ஆசிரியர் என்றால் கிழவராகத்தான் இருக்க வேண்டும் என்று கதை சொன்னவர்களுக்குப் பட்டிருக்கிறது. அப்பா வீரராகவர், அம்மா கமலை. வணிகக் குடும்பம். சில நூல்கள் வைசியர் என்கின்றன. சில நூல்கள் நான்காம் வருணம் என்று ஒரு படி இறக்கிவிடுகின்றன. பார்ப்பனர் அல்லாதவர் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். வீட்டில் வைத்த பெயர் கஜேந்திரதாசர். ஆளவந்தாரிடம் சீடராகச் சேர்ந்தபோது கிடைத்த பெயர் பேரருளாளதாசர். நிலைத்த பெயர் இரண்டுமல்ல. கச்சியிலுள்ள நம்பி என்று ஊரை வைத்து அழைத்ததே நின்றது. வடமொழியில் காஞ்சீபூர்ணர் என்றாக்கினார்கள். பிறந்த ஊர் பெயரிலிருந்து நழுவிவிட்டது. வேலை பார்த்த ஊர் ஒட்டிக்கொண்டது.

என்ன வேலை என்பதுதான் இங்கே முக்கியம். அப்பா பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுத்தார், மற்றவர்கள் அதைப் பெருக்கினார்கள், இவர் மட்டும் தன் பங்கைப் பூந்தோட்டத்தில் போட்டுத் தீர்த்தார் என்று பூந்தமல்லிப் பக்கம் ஒரு கதை உண்டு. அந்தப் பூவைக் கட்டி எடுத்துக்கொண்டு தினமும் காஞ்சிபுரத்துக்கு நடந்தார் என்பது அதன் தொடர்ச்சி. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். போகவே ஒரு பகல் முழுக்க ஆகும். தினமும் போய்த் திரும்புவது மனிதக் காலால் ஆகாது. ஆனால் அந்தப் பொய்க்குள் ஒரு உண்மை இருக்கிறது. பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் இதைக் கேட்டேன். "அவ்ளோ தூரம் எப்படிம்மா தினம் நடக்க முடியும்?" அவர் நாரை விடாமல் சொன்னார்: "பூ வாடறதுக்குள்ள போவணும்னா நடந்துதான் ஆவணும் தம்பி. கட்றவங்களுக்குத்தான் தெரியும்." கால்களைப் பற்றி நான் கேட்டேன். பூவைப் பற்றி அவர் பதில் சொன்னார். நம்பியின் கதையைத் தத்துவக்காரர்களைவிட இந்தத் தொழில்காரர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது வேலை விசிறுவது. ஆலவட்டக் கைங்கரியம் என்பார்கள். நம்பி முதலில் திருவரங்கம் போய் அரங்கனுக்கு விசிற நின்றாராம். இங்கே காவிரிக் காற்று இருக்கிறதே என்றாராம் பெருமாள். திருமலைக்குப் போனார், மலைக்காற்று போதும் என்று பதில். காஞ்சியில் வரதர்தான் ஒப்புக்கொண்டார். அவர் பிரம்மாவின் வேள்வித் தீயிலிருந்து வந்தவர், சூடு தாங்கவில்லை. அழகான கதை. கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், வேலை தேடி மூன்று வாசலில் நின்ற ஒருவனின் கதையும் இதற்குள் இருக்கிறது. இரண்டு இடத்தில் தேவையில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

விசிறும்போது வரதர் பேசினார். நம்பியிடம் மட்டும் பேசினார். குருபரம்பரையில் நம்பிக்குள்ள தனி அந்தஸ்து இதுதான். வேதம் படித்தவர், யாகம் செய்தவர், பட்டர், பண்டிதர் யாரோடும் பேசாத கடவுள், விசிறுகிறவனோடு பேசுகிறது. பேச்சின் அதிகாரம் முழுக்கப் புரோகிதக் கையிலிருந்த ஒரு சூழலில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் கதை இதோடு நிற்காமல் ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்கிறது. எனக்கு மோட்சம் உண்டா என்று நம்பி கேட்கிறார். விசிறினதற்குப் பேசியாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்கிற தோரணையில் கடவுள் பதில் சொல்லிவிடுகிறார். மோட்சம் வேண்டுமானால் ஒரு ஆசாரியனுக்குத் தொண்டு செய்யவேண்டுமாம். பிறகு அதற்காகவே நம்பி அடையாளம் காட்டாமல் திருக்கோட்டியூர் நம்பி வீட்டில் மாடு மேய்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. செட்டியார் வீட்டுப் பிள்ளையிடமே கணக்குத் தீர்த்த கடவுளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்புக்குப் பின்னால் இருப்பது வேறு: கடவுளோடு நேரே பேசுகிறவனுக்கும் இடையில் ஒருவர் வேண்டும் என்று பிரதி அடம்பிடிக்கிறது.

இனி இராமானுஜர். காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் அத்வைதம் படித்து, முரண்பட்டு, காசி யாத்திரையில் கொலைச் சதியிலிருந்து தப்பி, வேடனும் வேடுவச்சியுமாக வந்தவர்கள் வழிகாட்டக் காஞ்சிக்கே திரும்பி வந்த இளைஞர். அந்த வேடத் தம்பதி தண்ணீர் கேட்ட இடம் சாலைக் கிணறு. குழம்பிப்போய் வந்த இளைஞருக்கு நம்பி சொன்னது சாஸ்திரமல்ல. அந்தக் கிணற்றிலிருந்து தினம் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்து வரதருக்குக் கொடு என்றார். படித்த பார்ப்பன இளைஞனின் தோளில் ஒரு குடத்தை ஏற்றியதுதான் நம்பியின் பாடம். பூ சுமந்தவர் தண்ணீர் சுமக்கச் சொன்னார். வாதத்தில் ஜெயிக்கத் தெரிந்த ஒருவனுக்கு உடம்பால் வேலை செய்யக் கற்றுக்கொடுப்பது என்ன மாதிரிக் கல்வி என்று தோழர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

இராமானுஜர் இவரையே ஆசாரியராகக் கொள்ள விரும்பினார். நம்பி மறுத்தார். மறுத்ததற்கான காரணமாகத் தன் பிறப்பையே சொன்னார் என்கிறது மரபு. இந்த மறுப்பைப் பணிவு என்று புகழாத உரைகாரர் இல்லை. எனக்கு இது பணிவு என்று தோன்றவில்லை. நான்காம் வருணத்தவன் ஒருவன் காஞ்சியில் பார்ப்பன இளைஞனுக்கு மந்திர உபதேசம் செய்தால் என்ன ஆகும் என்பதை இராமானுஜரைவிட நம்பி நன்றாக அறிந்திருப்பார். விளைவைச் சுமக்கப்போகிறவர் அவர்தானே. அதைப் பணிவு என்று எழுதிவிட்டால் ஊரைக் கேட்க வேண்டியதில்லை.

உபதேசம் கிடைக்காதென்றால் அவர் உண்ட மிச்சத்தையாவது உண்ண வேண்டும் என்று இராமானுஜர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். இந்தக் கதை பலருக்கும் தெரியும். இராமானுஜர் ஒரு தெரு வழியாக அழைக்கப் போக, நம்பி வேறு தெரு வழியாக வந்துவிடுகிறார். கோயிலுக்கு நேரமாகிறது என்று அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். மனைவி தஞ்சமாம்பாள் இலையைத் தள்ளிவிட்டு, இடத்தை மெழுகி, குளித்து, கணவனுக்குப் புதுசாகச் சமைக்கிறார். இராமானுஜர் வந்து பார்த்து மனம் வெதும்புகிறார். சில சொல்முறைகளில் நம்பி தெரிந்தேதான் முன்னால் வந்தார், இராமானுஜர் தம் எச்சிலைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக.

இங்கே நடப்பதைக் கவனிக்க வேண்டும். காஞ்சி என்ற ஊரின் சாதி ஒழுங்கு முழுவதும் ஒரு பெண்ணின் கையில் சாணியாகவும் தண்ணீராகவும் வந்து சேர்ந்துவிடுகிறது. தஞ்சமாம்பாள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சொல்லிக்கொடுத்ததைச் செய்தார். செய்யாமல் விட்டிருந்தால் அக்கிரகாரம் அவரைத்தான் கேட்டிருக்கும். பிரதியோ அவரை ஒருத்தியாகத் தனியே நிறுத்திக் குற்றவாளியாக்குகிறது. இதே தஞ்சமாம்பாள்தான் பசியோடு வந்தவனுக்குச் சோறில்லை என்கிறார். இதே தஞ்சமாம்பாள்தான் கிணற்றடியில் பெரிய நம்பியின் மனைவியோடு, குடத்துத் தண்ணீர் சிந்திப் பட்டதற்காகக் குலப்பெருமை பேசிச் சண்டையிடுகிறார். மூன்று குற்றம் சேர்ந்ததும் இராமானுஜர் அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் துறவு கொள்கிறார். மாமனார் எழுதினதுபோல ஒரு கடிதத்தைத் தயார் செய்து அனுப்பிவைத்தார் என்றும் சொல்கிறார்கள். சாதி மனைவியோடு வண்டியேறிப் போய்விட்டது; கணவர் சுத்தமாகிவிட்டார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று எந்த உரைகாரரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது ஆறு வார்த்தைகளுக்கு வரலாம். இராமானுஜருக்குச் சில ஐயங்கள். வரதரிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பியிடம் விண்ணப்பிக்கிறார். என்ன ஐயம் என்றுகூட அவர் சொல்லவில்லை. இரவு விசிறிக்கொண்டே நம்பி கேட்கிறார். வரதர் ஆறு வார்த்தை சொல்கிறார். காலையில் நம்பி அப்படியே கொண்டுவந்து ஒப்படைக்கிறார். அவற்றின் சாரம் இது: பரம்பொருள் தானே, உயிருக்கும் இறைவனுக்கும் வேறுபாடு உண்டு என்பதே கொள்கை, வழி சரணாகதி, சாகும் நேரத்து நினைவு கட்டாயமில்லை, உடல் விழும்போது வீடு, பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள்.

ஐந்து வார்த்தைகள் விசிஷ்டாத்வைதத்தின் அஸ்திவாரம். இராமானுஜர் பின்னால் ஸ்ரீபாஷ்யமாக எழுதியதன் விதை இந்த விசிறிக்காரர் வாய்வழியே வந்தது என்று அந்தச் சம்பிரதாயமே ஒப்புக்கொள்கிறது. ஆறாவது வார்த்தையில்தான் எல்லாம் தலைகீழாகிறது. ஆசாரியர் யார் என்று நம்பியின் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். அந்தப் பெயர் நம்பி இல்லை. தன்னை விலக்கிவைக்கும் உத்தரவைத் தானே சுமந்துவந்து, தன்னை ஆசிரியராக விரும்பியவனிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊர் மறுத்தது என்று எழுதினால் ஊர் கெட்டது என்றாகும். நம்பி மறுத்தார் என்று மட்டும் எழுதினால் இராமானுஜர் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். கடவுளே சொல்லிவிட்டார், அதுவும் நம்பி மூலமாகவே, என்று எழுதினால் கேள்வி முடிந்துபோகிறது. அதிகாரம் தன் முகத்தைக் காட்டாமல் காரியத்தை முடிக்கும் விதத்துக்கு இதைவிடத் துல்லியமான கதையாடலை நான் படித்ததில்லை.

அதன் பிறகு இராமானுஜர் மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடம் பஞ்சசம்ஸ்காரம் பெறுகிறார். இராமானுஜரின் ஆசாரியர்கள் ஐவர் என்று சம்பிரதாயத்தில் எண்ணுவார்கள்: பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி. ஐவரும் ஆளவந்தாரின் சீடர்கள். திருக்கச்சி நம்பியும் ஆளவந்தாரின் சீடர்தான். வழக்கமான ஐவர் எண்ணிக்கையில் அவர் இல்லை. சில பட்டியல்கள் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்கின்றன. மறுபடியும் ஆறு!

இங்கே பெரிய நம்பியை வில்லனாக்கிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் விஷயம் அப்படியில்லை. ஆளவந்தாரின் சீடர்களில் மாறனேரி நம்பி என்று ஒருவர். தீண்டத்தகாதவராக வைக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் இறந்தபோது ஈமச்சடங்கைத் தன் கையால் செய்தவர் பெரிய நம்பி. அதற்காகத் திருவரங்கத்துப் பார்ப்பனர்கள் அவரைத் தள்ளிவைத்தார்கள். நீங்களே செய்ய வேண்டுமா என்று இராமானுஜரே கேட்டதாகவும், சடாயுவுக்கு இராமன் செய்யவில்லையா என்ற பொருளில் பெரிய நம்பி திருப்பிக் கேட்டதாகவும் கதை. ஆக, சாதி விஷயத்தில் சீடரைவிடத் துணிந்தவர் இந்த ஆசாரியர். தனிமனிதர்களின் நல்ல மனசால் தீர்கிற சமாச்சாரமல்ல இது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நல்லவரான பெரிய நம்பிக்கு அந்த இடம் கிடைத்ததும், நல்லவரான திருக்கச்சி நம்பிக்குக் கிடைக்காததும் அவரவர் குணத்தால் அல்ல.

பின்னால் வந்தவர்களும் இந்த முள்ளைத் தொட்டபடியே இருந்தார்கள். அடியாரின் பிறப்பை ஆராய்வது பெற்ற தாயின் யோனியைச் சோதிப்பதற்குச் சமம் என்ற அளவுக்குக் கடுமையாகப் போனார் பிள்ளை லோகாசாரியர். வேதாந்த தேசிகர் அடியாருக்கு மரியாதை உண்டு என்றார். ஆனால் உடம்புள்ளவரை சாதி உண்டு, தெய்வப் பசுவானாலும் பசு பசுதான் என்ற பக்கம் நின்றார். தென்கலை, வடகலைச் சண்டையை நாமம் போடும் சண்டையாக மட்டுமே பார்த்துக் கிண்டல் செய்து பழகிய நமக்கு, அதற்குள் இப்படி ஒரு விவாதம் நடந்தது தெரிவதில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் திருக்கச்சி நம்பியைக் கும்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பக்கம் வருவோம். இராமானுஜரைச் சமூகச் சீர்திருத்தக்காரராக எடுத்துக்கொள்வதில் நமக்குத் தயக்கமிருந்ததில்லை. இந்திரா பார்த்தசாரதி நாடகமாக எழுதினார். 1999க்கான சரஸ்வதி சம்மான் கிடைத்தது. 2015இல் கலைஞர் தொலைக்காட்சிக்கு மு.கருணாநிதி 'மதத்தில் புரட்சி செய்த மகான்' என்று தொடர் எழுதினார். 2022 பிப்ரவரி 5 அன்று ஹைதராபாத் அருகே முச்சிந்தலில் சமத்துவச் சிலை என்ற பெயரில் 216 அடி இராமானுஜரைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நாத்திகத் தலைவருக்கும் இந்துத்துவத் தலைவருக்கும் ஒரே ஆள் பயன்படுகிறார் என்றால், அந்த ஆளை நாம் எந்த இடத்திலிருந்து பார்க்கிறோம் என்று கேட்க வேண்டாமா? இரண்டு பேருமே மேலிருந்து கீழே கை நீட்டியவரைப் பார்க்கிறார்கள். கீழேயிருந்து கற்றுக்கொடுத்தவருக்கு அந்தச் சட்டத்துக்குள் இடம் எங்கே?

இதைச் சொல்லிவிட்டு நாம் நழுவிக்கொள்ளவும் முடியாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் நானும் ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவன். பறையடிக்கும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். அவர் அடித்தார், இடையிடையே பேசினார். எந்த அடி எந்தச் சாவுக்கு, யார் வீட்டு வாசலில் எதை அடிக்கக்கூடாது என்று தன் அப்பா சொல்லிக்கொடுத்ததை எல்லாம். அரை மணி நேரம். பிறகு சால்வை போர்த்தினோம். அதற்குப் பிறகுதான் 'அமர்வு' தொடங்கியது. அவர் சொன்னதை வைத்து ஐந்து பேர் கட்டுரை படித்தோம். தொகுப்பு வந்தபோது முன்னுரையில் அவருக்கு நன்றி இருந்தது. பொருளடக்கத்தில் பெயர் இல்லை. அவர் எழுதித் தரவில்லையே, அவரே கூச்சப்பட்டாரே என்று எங்களிடம் பதில் இருந்தது. பணிவு என்றே நாங்களும் எழுதியிருந்தோம். ஆறாவது வார்த்தையைப் படித்தபோது எனக்கு அந்தப் பொருளடக்கம்தான் ஞாபகம் வந்தது.

நம்பி வெறும் வாய் மட்டுமாக இருந்தவரல்ல. அவர் இயற்றியதாகத் 'தேவராஜாஷ்டகம்' என்று எட்டு வடமொழிச் சுலோகங்கள் வழங்குகின்றன. வரதர் மேல் பின்னால் கூரத்தாழ்வான் 'வரதராஜ ஸ்தவம்' செய்தார். தேசிகர் 'வரதராஜ பஞ்சாசத்' செய்தார். வரிசையில் இவர்களுக்கு முன்னால் நிற்பது பூந்தமல்லிக்காரரின் எட்டுச் சுலோகம். வடமொழி இவர் கைக்கு எப்படி வந்தது, யார் கற்றுக்கொடுத்தார் என்ற விவரத்தில் குருபரம்பரைக்கு அக்கறையில்லை. ஆசிரியர் என்று எண்ணாதவருக்குக் கல்வி வரலாறு எதற்கு?

இராமானுஜர் திருவரங்கத்துக்குப் போன பிறகு கதை அவரோடேயே போய்விடுகிறது. பாஷ்யம், கோயில் நிர்வாகம், மேல்கோட்டை, உறங்காவில்லி என்று அடுக்கடுக்காக விஷயம் இருக்கிறது. உறையூர் மல்லரான உறங்காவில்லி தாசரின் கையைப் பிடித்துக்கொண்டு காவிரியில் குளித்துக் கரையேறினார் இராமானுஜர் என்பதைப் படிக்கும்போது, காஞ்சியில் தின்னக் கிடைக்காமல் போன அந்த எச்சில் இலையை அவர் மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். காஞ்சியில் நம்பி விசிறிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பேச்சு குறைந்துவிடுகிறது.

பூந்தமல்லியில் மட்டும் குறையவில்லை. அங்கே கோயிலில் வரதர், அரங்கநாதர், சீனிவாசர் மூவரும் இருக்கிறார்கள். நம்பிக்கும் சன்னிதி உண்டு. மூவர் ஏன் என்று பூ கட்டும் அம்மாவிடமே கேட்டேன். "வயசாயிடுச்சு தம்பி அவருக்கு. காஞ்சிபுரம் வரைக்கும் நடக்க முடியல. இனிமே எப்படி வருவேன்னு அழுதாரு. சாமியே கெளம்பி இங்க வந்துடுச்சு. அந்த ரெண்டு சாமியும் கூடவே வந்துடுச்சு." காற்று இருக்கிறது, நீ வேண்டாம் என்று அனுப்பியவர்கள்தானே அந்த இரண்டு பேரும் என்றேன். அவர் நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "ஆமா, அவங்களும்தான்" என்றார். முழம் என்ன விலை என்று கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.